எல்லாக் கடலும் ஆழ்கடல் இல்லை

ஆசிரியருக்கு,

போன வாரம் உங்கள் பத்திரிகையில் 'ஆழ்கடலில் தத்தளித்த இரு மீனவர்கள் மீட்பு' என்று செய்தி வந்தது. அந்த இருவரில் ஒருவன் என் மருமகன். பாலமீன்மடுவில் கட்டிக்கொடுத்த என் மகள் தலைப்பைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள். மருமகன் அப்போது பக்கத்தில் இருந்து சோறு தின்றுகொண்டிருக்கிறான்! இஞ்சின் நின்ற இடத்திலிருந்து முகத்துவாரத்து வெளிச்சவீடு நன்றாகத் தெரிந்ததாம். பின்னேரம் இன்னொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார். அவ்வளவுதான் கதை.

நான் வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் 22 வருடம் போய்வந்தவன். கரையிலிருந்து போகப் போக முதலில் வெளிச்சவீடு மறையும், அப்புறம் குடும்பிமலையும் தாழ்ந்துவிடும். நாலு பக்கமும் தண்ணீர் மட்டும் என்றால் அது எங்களுக்கு வெளிக்கடல். ஆழம் வேறு கணக்கு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) விட்டாலும் தரை தட்டாவிட்டால்தான் ஆழக்கடல் என்போம். நீங்கள் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழைக்கிறீர்கள்.

ஹேர்மெஸ் கப்பலையும் இப்படித்தான் 'ஆழ்கடலில் உறங்கும் கப்பல்' என்று எழுதினீர்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய அந்த விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக் கரையிலிருந்து 9 கிலோமீற்றர் அளவில், 50 மீற்றர் சொச்சம் ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கடல் ஆராய்ச்சிக்காரர் 200 மீற்றருக்குக் கீழேதான் ஆழ்கடல் என்பார்கள்.

இன்னொரு நாள் 'உயர் கடல்' என்று போட்டிருந்தீர்கள். சிரிப்புத்தான் வந்தது. ஆங்கிலத்தில் 'ஹை சீஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறீர்கள். இலத்தீனில் 'அல்தும்' என்ற ஒரே சொல் உயரத்துக்கும் வரும், ஆழத்துக்கும் வரும். கரைகாணாக் கடலையும் அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். சட்டத்தில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. 1982 ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்டப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் கடல். 200 கடல் மைல் வரை, அதாவது 370 கிலோமீற்றர், மீன் பிடிக்கும் உரிமை அந்த நாட்டுக்கு. அதற்கு அப்பால் உள்ளது ஒருவருக்கும் சொந்தமில்லை. அதைப் 'பொதுக்கடல்' என்று எழுதினால் என்ன?

எங்களுக்கு இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. பொதுக்கடலில் பிடிக்க அனுமதிப்பத்திரம் தனி. அங்கே நடக்கும் மீன்பிடியை இலங்கை சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் எங்கள் மீனை நிறுத்தியது. தடை நீங்க 2016 நடுப்பகுதி ஆனது. படகு நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி பூட்டச் சொல்லிக் கெடுபிடி வந்ததும் அந்த நாட்களில்தான். அப்படியிருக்க, வெளிச்சவீட்டு வெளிச்சத்தில் நின்றவனையும் 400 கடல் மைலில் நிற்பவனையும் ஒரே இடத்தில் நிறுத்தி எழுதுவது சரியா?

மருமகனின் செய்திக்கு 'கரைக்கடலில்' என்று ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள், மகளிடம் காட்ட வேண்டும். அவனிடம் கேட்டால் வேண்டாம் என்கிறான். அந்தப் பத்திரிகைத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு கூட்டாளிமாருக்குக் காட்டித் திரிகிறான்.

இப்படிக்கு,
பழைய படகுக்காரன்,
வாழைச்சேனை.