ஆயுதக் குழுக்களின் ஆட்சிக்குள் உதவி செய்வோருக்கும் அதற்கு நிதி தருவோருக்கும்

மனிதாபிமான அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் அவற்றுக்கு நிதியளிக்கும் அரசுகளுக்கும் வணக்கம்.

அரசின் கையைவிட்டுப் போன நிலப்பரப்பை உங்கள் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் ‘நிர்வாகம் இல்லாத பகுதி’ என்று எழுதுகின்றன. அப்படியொரு பகுதியைக் காண்பது அரிது. நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் குழு வரி வாங்கும், வழக்குத் தீர்க்கும், போகவர அனுமதி கொடுக்கும். பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் பழைய அரசின் சம்பளத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே வருவதால்தான் நல்ல எண்ணத்தோடு தரும் உதவியும் கெடுதியாக முடிகிறது.

இலங்கையின் வடக்கே வன்னியில் விடுதலைப் புலிகளுக்குக் காவல்துறை, நீதிமன்றங்கள், வங்கி எல்லாம் இருந்தன. ஆனாலும் கச்சேரிகள் எனப்படும் மாவட்டச் செயலகங்களில் கொழும்பு அரசின் மாவட்ட நிர்வாகிகளான அரசாங்க அதிபர்கள் இருந்தார்கள். ஆசிரியர், வைத்தியர் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. பிள்ளைகள் எழுதியதும் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் தேர்வைத்தான். ஆப்கானிஸ்தானில் 2021க்கு முன் தாலிபான் பிடியிலிருந்த பல மாவட்டங்களில் ஆசிரியருக்குச் சம்பளம் தந்தது காபூல். அவர் வகுப்புக்கு வருகிறாரா என்று பார்த்தது தாலிபான். ஈராக்கில் 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போன பிறகும் 2015 நடுப்பகுதி வரை பாக்தாத் ஊழியர் சம்பளத்தை அனுப்பியது. அதில் ஒரு பங்கை ஐஎஸ் வரியாக எடுத்துக்கொண்டது.

ஆகவே ஒரு மாவட்டத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே விசாரியுங்கள். சம்பளம் யார் தருகிறார், நியமிப்பதும் மாற்றுவதும் யார், ஊழியர் வேலைக்கு வருவதைச் சரிபார்ப்பது யார், மருந்துக் களஞ்சியத்தின் சாவி யாரிடம்? நான்குக்கும் ஒரே பதில் கிடைத்தால் இன்னொரு முறை கேளுங்கள். சம்பளம் ரொக்கமாகப் போர்முனையைக் கடந்து வருகிறதென்றால் எந்தச் சோதனைச் சாவடியில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகே உங்கள் சம்பள விகிதத்தைத் தீர்மானியுங்கள். அரச வைத்தியசாலைத் தாதியைப் பன்மடங்கு சம்பளத்துக்கு உங்கள் நடமாடும் முகாமுக்கு எடுத்தால் அங்கே பிரசவ விடுதி மூடப்படும். ஓராண்டில் உங்கள் திட்டம் முடியும். அவருடைய அரச வேலையும் ஓய்வூதியமும் அதற்குள் போயிருக்கும். அவரை அரச பட்டியலிலேயே வைத்து மேலதிகக் கொடுப்பனவு தருவதே சரி. அதுவும் எல்லா அமைப்புகளும் ஒரே விகிதத்தில் தர வேண்டும்.

அதிகம் கவலை தருவது பட்டியல்கள். நிவாரணத்துக்கென்று பெயர், வயது, பால் வாரியாக எடுத்த குடும்பப் பதிவு, வீட்டுக்கு ஒருவரைக் கேட்கும் குழுவின் கையில் ஆட்சேர்ப்புப் பட்டியலாகிவிடும். வன்னியில் போரின் கடைசி ஆண்டுகளில் புலிகள் அப்படி வீட்டுக்கு ஒருவரென்று கட்டாயமாகப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். குடிக்கவும் வீட்டுத் தேவைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர் என்று கணக்கிடத் தலை எண்ணிக்கை போதும். பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயர் எதற்கு? தேவையற்றதைக் கேட்காதீர்கள், கேட்டதை அந்த மண்ணில் வைத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வீடு போவதும் அங்கே உளவாகத் தெரியும். 2018இல் தெற்கு ஆப்கானிஸ்தானில் வீடு வீடாகப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதைத் தாலிபான் தடுத்தது. அதற்குப் பதிலாகப் பள்ளிவாசலில் வைத்துக் கொடுத்தால் வீட்டைவிட்டு வராத கைக்குழந்தைகள் விடுபட்டுப்போவார்கள். ஆகவே தாய்மார் வரும் சிகிச்சை நிலையத்திலும் கொடுக்க இடம் கேளுங்கள். தலைமை தந்த அனுமதிக் கடிதம் சாவடியில் நிற்கும் இளைஞனுக்குத் தெரியாமலிருக்கலாம். அந்தப் பகுதித் தளபதியிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். சாவடியில் மருந்துக் குளிர்பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்துவிட்டால் குப்பியிலுள்ள வெப்பக் காட்டியைப் பாருங்கள்: உட்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது பிறப்புப் பதிவு. ஐஎஸ் முத்திரையிட்ட சான்றிதழை ஈராக் ஏற்கவில்லை. குழந்தைகள் ஆவணமின்றி நின்றார்கள். நமீபியாவைத் தென்னாப்பிரிக்கா சட்டவிரோதமாக வைத்திருந்தபோதும் அங்கு நடந்த பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளைச் செல்லாதவையாக்கி மக்களைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேச நீதிமன்றம் 1971இலேயே கருத்துரைத்தது. அது ஓர் அரசைப் பற்றியதுதான்; நியாயம் இங்கும் பொருந்தும். பிரசவம் பார்த்த மருத்துவமாது கையொப்பமிட்டு, எந்தக் குழுவின் முத்திரையும் இல்லாமல், நாள், இடம், தாயின் பெயர் எழுதிய சீட்டை இரு பிரதிகளாக எடுங்கள். ஒன்று தாயிடம், மற்றது பகுதிக்கு வெளியே உங்கள் காப்பகத்தில்.

நிதி தரும் அரசுகளுக்கு: நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு உள்நாட்டுப் போருக்கான குறைந்தபட்ச விதிகளைச் சொல்கிறது; அதைக் கடைப்பிடிப்பது எந்தத் தரப்பின் சட்ட நிலையையும் மாற்றாது என்கிறது. பேசினாலே அங்கீகாரமாகிவிடும் என்ற அச்சத்துக்கு அதுவே பதில். 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபையின் 2664ஆம் தீர்மானம் ஐநா சொத்து முடக்கத்திலிருந்து மனிதாபிமான வேலைக்கு விலக்குத் தந்தது. உங்கள் உள்நாட்டுக் குற்றவியல் சட்டங்களை அது தானாக மாற்றாது. புலிகளும் துருக்கியின் குர்து ஆயுதக் குழுவான பிகேகேயும் சம்பந்தப்பட்ட வழக்கில், பயங்கரவாதப் பட்டியலிலுள்ள அத்தகைய குழுக்களுக்குச் சர்வதேசச் சட்டத்தைக் கற்றுக்கொடுப்பதையும் தடைசெய்யலாம் என்று 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சாலைக் கட்டணம், பதிவுக் கட்டணம், உள்ளூர் ஊழியரின் வருமான வரி ஆகியவற்றில் எதைச் செலுத்தலாம், எதை மறுக்க வேண்டும், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை நிதி ஒப்பந்தத்திலேயே எழுதித் தாருங்கள். சாவடியில் லொறி நிற்கும்போது அந்த முடிவைச் சாரதியின் தலையில் போடாதீர்கள்.