முகத்தழும்பும் குழந்தையின் கேள்வியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தீயாலோ அமிலத்தாலோ நோயாலோ முகம் சிதைந்தவர்கள் வேலையிலும் திருமணத்திலும் சந்திக்கும் புறக்கணிப்பைப் பற்றி அவ்வப்போது எழுதப்படுகிறது. அவர்களுக்கும் உடன்பிறந்தோரின் பிள்ளைகளுக்கும் இடையே, சொந்த வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும் இடைவெளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பிறந்தது முதல் அந்த முகத்தைப் பார்த்து வளரும் குழந்தைக்கு அது அம்மாவின் முகம் அல்லது தாத்தாவின் முகம், அவ்வளவுதான். எப்போதாவது வந்துபோகும் குழந்தைதான் திடுக்கிட்டு அழுகிறது. அந்த அழுகை இயல்பானது. ஆனால் குழந்தையைச் சட்டென்று தூக்கிக்கொண்டு வெளியே போவதும், அதன் கேள்வியை "உஷ்" என்று அடக்குவதும், பின்னொரு நாள் "சாப்பிடாவிட்டால் அவரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டுவதும் அந்த ஒரு நிமிட அச்சத்தை வாழ்நாள் விலகலாக மாற்றிவிடுகின்றன.

புரியாத ஒன்றைச் சந்திக்கும்போது, அதற்கு அஞ்சுவதா என்பதைக் குழந்தை பெரும்பாலும் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. 1985ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பள்ளம்போல் தோற்றமளிக்கும் கண்ணாடிப் பரப்பின் விளிம்பில் ஒரு வயதுக் குழந்தைகள் விடப்பட்டனர். எதிரே நின்ற தாய் மகிழ்ச்சி காட்டியபோது 19 பேரில் 14 பேர் அதைக் கடந்தனர். அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

அடுப்புத் தீயில் முகமும் கழுத்தும் வெந்துபோன என் அத்தை, அண்ணன் பேரன் வரும் நாட்களில் தாமாகவே உள்ளறைக்குப் போய்விடுவார். அவரைப் போகச் சொன்னவரும் இல்லை, இருக்கச் சொன்னவரும் இல்லை. அந்தப் பேரன் இன்று வளர்ந்த மனிதர். அத்தைப்பாட்டியின் பெயரைத் தவிர அவரைப் பற்றி எதுவும் அவருக்குத் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

சந்திப்புக்கு முன்பே ஒரு புகைப்படத்தைக் காட்டி, என்ன நடந்தது, இப்போது வலிக்கிறதா, தொட்டால் நமக்கும் வருமா என்ற மூன்றுக்கும் உண்மையான, எளிய பதிலைச் சொல்லிவிடலாம். முத்தம் கொடு என்று வற்புறுத்தாமல், குழந்தை தானாக நெருங்கும்வரை காத்திருக்கலாம். அந்த உறவினரே பதில் சொல்ல விரும்பினால் அதைவிட நல்லது வேறில்லை.

தீக்காயச் சிகிச்சைப் பிரிவுகளில் கட்டு மாற்றுவதையும், தோல் சுருங்காமலிருக்கச் செய்ய வேண்டிய பயிற்சிகளையும், மாதக்கணக்கில் அணிய வேண்டிய இறுக்க ஆடையைப் பராமரிப்பதையும் குடும்பத்தாருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டுக் குழந்தைகளை எப்படித் தயார்ப்படுத்துவது என்பதையும், நோயாளி வீடு திரும்பும் நாளுக்கு முன்பே, அதே அக்கறையுடன் அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்