முருங்கைக்காய் விரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் ‘முருங்கைக்காய் விரல்கள்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் சமையல் குறிப்பு இடம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். ஆங்கிலத்தில் மேளக்குச்சிக்கும் முருங்கைக்காய்க்கும் ஒரே சொல்தான். பேண்டு செட்டில் பெரிய மேளத்தை அடிக்கிறார்களே, முனை உருண்ட குச்சி, அதைப் பார்த்து, விரல் நுனி தடித்து உருளும் ‘கிளப்பிங்’ என்ற நோய் அறிகுறிக்கு வைத்த பெயர் இது. தங்கள் உதவி ஆசிரியர் கடலூரில் ஒரு ஊர்வலம் கூடவா பார்த்ததில்லை?

அதைச் சிரித்துவிட்டுப் போகலாம். “ஆக்சிஜன் குறைவால் வருவது; முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் மூன்று மாதத்தில் சரியாகும்” என்ற வரியைத்தான் பொறுக்க முடியவில்லை. இரும்புச்சத்து குறைந்தால் வருவது கரண்டி நகம். நகம் குழிந்து, ஒரு சொட்டு தண்ணீர் விட்டால் தேங்கி நிற்கும். கிளப்பிங் அதற்கு நேர் எதிர்: நகம் கிளி மூக்காகக் கவிந்து, அதன் அடிச்சதை பஞ்சாக அமுங்கும்.

ஆக்சிஜன் குறைவு மட்டுமே காரணம் என்றால் ஆஸ்துமாக்காரர்களுக்கும், பீடி குடித்து எம்பைசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) வந்தவர்களுக்கும் வர வேண்டும். வருவதில்லை. பீடிக்காரர் விரலில் கிளப்பிங் தெரிந்தால் முதலில் தேட வேண்டியது நுரையீரல் புற்றுநோயை. நெஞ்சக நோய்ப் பிரிவில் 30 ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே மூன்று மாதம் சிறிய காலம் அல்ல.

இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம் 1987-இல் டிக்கின்சன், மார்ட்டின் இருவரும் சொன்னது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பெற்றுத்தரும் மெகாகேரியோசைட் என்ற பெரிய அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி உடைய வேண்டும். அந்தச் சல்லடை கெட்டாலோ, பிறவி இதயக் கோளாறில் ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் குறுக்கே பாய்ந்தாலோ, அவை முழுசாகவே விரல் நுனிவரை வந்து அடைத்துக்கொள்கின்றன. அங்கே அவை விடும் வளர்ச்சிக் காரணிகளால் புது ரத்தக் குழாய்களும் நார்த்திசுவும் பெருகி நுனி தடிக்கிறது. மூச்சுக்குழாய் விரிவு, நுரையீரல் சீழ்க்கட்டி, இதய உள்ளுறைத் தொற்று, கல்லீரல் சுருக்கம், குடல் அழற்சி என்று பட்டியல் நீளும். கைவிரல் ஒழுங்காக இருந்து கால்விரல் மட்டும் தடித்து நீலம் பாய்ந்திருந்தால், பிறந்ததும் மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் போயிருக்கலாம். அதனால்தான் செருப்பைக் கழற்றச் சொல்வது.

கிளப்பிங் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கும் சோதனைக்கு நீங்கள் போட்ட படமும் தப்பு. விரல்களை உள்ளங்கைப் பக்கமாக ஒட்டினால் நகமும் நகமும் எப்படிச் சேரும்? இரு கை ஆள்காட்டி விரல்களின் கடைசிக் கணுக்களை முதுகோடு முதுகாக, நகத்தோடு நகம் படும்படி சேர்த்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். நகங்களின் அடியில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிந்தால் நல்லது. அது மூடியிருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கட்டும். 1976-இல் இந்தச் சோதனையை எழுதிய ஷாம்ரோத், தென்னாப்பிரிக்க இதய மருத்துவர், தன் நோயின்போது தன் விரலிலேயே பார்த்துச் சொன்னார்.

முன்பு இதே பக்கத்தில், சளியில் ரத்தம் வந்தால் ‘உடல் சூடு’ என்று இளநீர் குடிக்கச் சொன்னீர்கள். காசநோய் மாத்திரையைச் ‘சூடு’ என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கும் மாவட்டம் இது. அப்போது நான் எழுதிய மூன்று பக்கக் கடிதம், “பயனுள்ள பகுதி, தொடர்க” என்ற ஒற்றை வரியாக வெளிவந்தது. தங்கள் எடிட்டிங் திறமைக்கு என் வணக்கம்.

இப்போது கேட்பது ஒரு திருத்தம்தான். அதே பக்கத்தில், சரியான படத்தோடு. தயவுசெய்து ராசிபலனுக்கு அடியில் வேண்டாம்.

ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.