பேருந்து நிலையத் திரையில் முதலில் எது வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் கூரைக்கு அடியில் முப்பது நாற்பது பேரோடு நானும் ஒதுங்கி நின்றிருந்தேன். தூணுக்குத் தூண் மாட்டியிருந்த திரைகளில் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பேரனைக் கையில் பிடித்தபடி நின்ற ஒரு பாட்டி, "ஏந்தம்பி, நம்ம ஊரு வண்டி எப்ப வரும்னு இதுல போடுவானா?" என்று கேட்டார். போடுவார்கள், சற்றுப் பொறுங்கள் என்றேன். அவர் மறுபடியும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆடி போயி மூணு மாசமாச்சு, அதுவே இதுக்குத் தெரியலை. வண்டி வர்றது எங்க தெரியப்போகுது?" என்றார்.

கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பேருந்து நிலையங்களிலும் இத்தகைய திரைகளை மாட்டிப் பராமரிக்கும் தொழிலில் 12 ஆண்டுகளாக இருப்பவன் நான். பாட்டிக்கு அன்று ஒழுங்கான பதில் சொல்ல முடியாமல் நின்றது உறுத்தவே, கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். திரையில் ஒரு சுற்று 2 நிமிடம் ஓடியது. தலா 10 விநாடி வீதம் அதில் 12 இடங்கள். எங்கள் தொழிலில் இவற்றை ஸ்லாட் என்போம். பத்து ஸ்லாட் விளம்பரத்துக்கும், அடுத்தடுத்து வரும் இரண்டு ஸ்லாட் பேருந்து விவரத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த இரண்டில் ஒன்று தமிழ், மற்றது ஆங்கிலம். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி என்பதால் 24 தடங்களையும் காட்ட மூன்று பக்கங்கள் தேவைப்பட்டன. ஒரு சுற்றுக்கு ஒரு பக்கம்தான் வந்தது. ஆக, பாட்டியின் ஊர்ப் பெயர் உள்ள தமிழ்ப் பக்கம் 6 நிமிடத்துக்கு ஒரு முறை, 10 விநாடி மட்டும் திரையில் தோன்றும். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது போய்விடும்.

திரைகளுக்காக உள்ளாட்சியோடு செய்த ஒப்பந்தத்தை இதில் யாரும் மீறியிருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு பயணிகளுக்கான தகவலுக்கு என்று காகிதத்தில் எழுதியிருந்தால், 12 ஸ்லாட்டில் 2 என்ற கணக்கு அதற்குச் சரியாகவே பொருந்தும். தகவலுக்கு எத்தனை பங்கு என்று கேட்டவர்கள், அந்தப் பங்கு எந்த வரிசையில், எத்தனை விநாடி இடைவெளியில், யார் படிக்கும் வேகத்தில் வர வேண்டும் என்று கேட்காததே கோளாறு.

திரை தானாக எதையோ தேர்ந்தெடுக்கிறது என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமல்லாமல், திரைக்குப் பணம் கொடுக்கும் அதிகாரிகளிடமும் இருக்கிறது. திரை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அதன் முதுகில் உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டி ஒட்டியிருக்கும்; பிளேயர் என்பது அதன் பெயர். எங்கோ ஓர் அலுவலகத்தில் இருந்து ஒருவர் படங்களையும் காணொலிகளையும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தத் திரை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, நாளின் எந்த மணி நேரத்தில், எவ்வளவு முன்னுரிமை என்று நிரப்புகிறார். பெட்டி செய்வதெல்லாம் சல்லடை வேலைதான். தன் கடிகாரத்தைப் பார்த்து, இந்த நொடியில் செல்லுபடியாகாதவற்றை ஒதுக்குகிறது. மிஞ்சியவற்றில் முன்னுரிமை எண் உயர்ந்தவற்றை எடுக்கிறது. அவற்றை வரிசைப்படியோ கொடுத்த விகிதப்படியோ ஓட்டுகிறது. ஒன்றுமே மிஞ்சாவிட்டால், அந்த நேரத்துக்கென்று வைத்திருக்கும் டிஃபால்ட் படத்தைக் காட்டுகிறது. பல ஊர்களில் அந்த டிஃபால்ட் படம் திரையை விற்ற நிறுவனத்தின் சின்னமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படிச் செய்தவன்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முன்னுரிமை என்பது புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையும் அல்ல. திரைகளில் படமும் ஒலியும் எப்போது எப்படி ஓட வேண்டும் என்று எழுதுவதற்கான ஸ்மைல் என்ற குறிமொழியை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. உயர்ந்த வகுப்பில் உள்ள ஒன்று குறுக்கே வந்தால், ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட வேண்டுமா, இடைநிறுத்தி வைத்துப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமா என்பதைக் கூடச் சொல்லும் வசதி 2001-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் சேர்ந்துவிட்டது. இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்களிலேயே ஒரு மணி நேரத்தில் இத்தனை விநாடி இந்தத் தகவல் கட்டாயம் குறுக்கிட வேண்டும் என்று குறிக்க முடிகிறது. கருவியில் இடம் இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆடித் தள்ளுபடி கார்த்திகையில் ஓடியதற்கு வருகிறேன். இதற்குப் பெரும்பாலும் காரணம், முடிவுத் தேதி என்ற கட்டத்தை யாரும் நிரப்பாமல் விட்டதே. அந்தக் கட்டம் காலியாக இருந்தால், காலமெல்லாம் ஓட்டு என்று பெட்டி பொருள் கொள்ளும். இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல் திரையில், காலை முகூர்த்தத்துக்கு வந்தவர்களை முந்தின நாள் வரவேற்பு நடந்த வேறொரு மணமக்களின் பெயர் வரவேற்றது. மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இரவு ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் விடிகாலையில்தான் வந்திருந்தது. நான் வைத்திருந்தது ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினி வகைப் பெட்டி. மின்சாரம் போன பிறகும் நேரத்தைக் காத்து வைக்கும் மின்கலம் வைத்த கடிகாரம் அதில் கிடையாது. இணையத்தில் இருந்து நேரத்தைக் கேட்டு வாங்கும் வரை, கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்தில் இருந்தே அது எண்ணத் தொடங்கும். மண்டபத்தின் வைஃபை இன்னும் உயிர் பெறவில்லை. பெட்டியைப் பொறுத்தவரை நேற்றைய வரவேற்பு நடந்துகொண்டே இருந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கடிகாரச் சில்லை அதில் செருகியிருந்தால் அந்த அவமானம் எனக்கு நேர்ந்திருக்காது.

கல்யாண மண்டபத்தில் இது வசவோடு போய்விடும். பேருந்து நிலையத்தில் அப்படி அல்ல. இணையத் தொடர்பு அறுந்தாலும் திரை கறுத்துவிடக் கூடாது என்பதற்காக, கடைசியாக இறக்கி வைத்ததை வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருக்கும்படி இந்தப் பெட்டிகள் வடிவமைக்கப்படுகின்றன. விளம்பரதாரருக்கு இது வரம். பேருந்து நேரத்துக்கு இது பெருங்கேடு, ஏனெனில் சிம் கார்டில் டேட்டா தீர்ந்து இரண்டு நாள் ஆன பிறகும் முந்தாநாள் புறப்பாட்டு விவரத்தைத் திரை அதே பளபளப்போடு காட்டிக்கொண்டிருக்கும். அது பழையது என்பதற்கு ஓர் அடையாளமும் இராது. குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு மேல் புதுத் தகவல் வராவிட்டால் பட்டியலை எடுத்துவிட்டு, நேர விவரத்தை டைம் கீப்பர் அறையில் கேட்கவும் என்று ஒரு வரியைக் காட்டும்படி செய்வது, எங்கள் ஆட்களுக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

அந்த மழை மாலையிலேயே இன்னொன்றையும் கவனித்தேன். கனமழை எச்சரிக்கை குறுஞ்செய்தியாக என் கைப்பேசிக்கு வந்தது. தலைக்கு மேல் இருந்த திரைக்கு அது வரவில்லை. பேரிடர் எச்சரிக்கைகளை எந்தக் கருவியும் ஒரே மாதிரி படித்துக்கொள்வதற்கென, பொது எச்சரிக்கை நெறிமுறை என்ற தரம் 2004-இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்சேத் என்ற எச்சரிக்கை அமைப்பும் இந்த நெறிமுறையில்தான் இயங்குகிறது. ஒவ்வோர் எச்சரிக்கையிலும் எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எந்தப் பகுதி, எப்போது காலாவதி என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. திரைக்குப் பின்னால் உள்ள பெட்டி கேட்பதும் ஏறக்குறைய இதே விவரங்களைத்தான். இரண்டையும் இணைத்து, எச்சரிக்கை வந்தால் விளம்பரம் நிற்க வேண்டும், காலாவதியானதும் தானே விலக வேண்டும் என்று முன்னுரிமை வகுப்பது முடியாத காரியம் அல்ல. தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த நாள்களில் திரைகளில் இருந்த தலைவர்களின் படங்கள் சாயங்காலத்துக்குள் மறைந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அத்தனை வேகம் மழைக்கும் கிடைக்கலாம்.

இத்தகைய பணிகளுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் பலவற்றைப் படித்துப் பார்த்தவன் நான். திரை எத்தனை அங்குலம், வெயிலில் தெரிய எத்தனை நிட்ஸ் ஒளிர்வு, தூசும் நீரும் புகாமைக்கு என்ன தரம், எத்தனை ஆண்டு உத்தரவாதம், விளம்பர வருவாயில் உள்ளாட்சிக்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். எதை எதற்கு முன் காட்ட வேண்டும் என்பதற்கு ஒரு பத்தியை நான் அவற்றில் கண்டதில்லை. அந்த இடம் காலியாக இருப்பதால், விளம்பரம் விற்பவரே அதை நிரப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வருவாய் குறைந்துவிடும் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்வார்கள். எங்கள் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 24 தடங்களையும் நாள் முழுக்கச் சுற்றவிடாமல், அடுத்த 20 நிமிடத்தில் புறப்படும் வண்டிகளை மட்டும் காட்டினால் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். 6 நிமிடம் 2 நிமிடமாகும். பின்னர், அந்த இரண்டு ஸ்லாட்டையும் அடுத்தடுத்து வைக்காமல் சுற்றின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று எனப் பிரித்து வைத்து, இரண்டிலுமே தமிழைப் பெரிதாகவும் ஆங்கிலத்தைச் சிறிதாகவும் அச்சிட்டால், பாட்டி 50 விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. விளம்பரத்தின் பத்து ஸ்லாட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. திரையின் ஒரு ஓரத்தை மட்டும் பிரித்துப் பேருந்து விவரத்துக்கே நிரந்தரமாக விட்டுவிடுவது இதைவிட மேல். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு வழி உண்டு. விமான நிலையத்தில் புறப்பாட்டு விவரத் திரையில் பொதுவாக நகைக்கடை குறுக்கிடுவதில்லை. ரயில் நடைமேடையில் பெட்டி நிற்கும் இடத்தைக் காட்டும் பலகையிலும் பொதுவாக அது குறுக்கிடுவதில்லை. பேருந்துப் பயணிக்கு மட்டும் ஏன் இந்தக் கழுத்து வலி?

இப்போதே எழுதி வைத்துவிட வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா, என்ன வயது என்று கேமரா மூலம் ஊகிக்கும் திரைகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. கனடாவின் கால்கரி நகர வணிக வளாகம் ஒன்றின் வழிகாட்டித் திரையில் 2018-இல் ஏதோ கோளாறு ஏற்பட்டு, உள்ளே ஓடிக்கொண்டிருந்த முகப் பகுப்பாய்வு மென்பொருளின் வரிகள் வெளியே தெரிந்துவிட்டன. விசாரித்த தனியுரிமை ஆணையர்கள், அந்த வளாகத்தை நடத்திய நிறுவனத்தின் 12 வளாகங்களில் மக்களுக்குத் தெரியாமலே முகப்படங்கள் எடுக்கப்பட்டன என்று 2020-இல் அறிக்கை தந்தார்கள். நம் பேருந்து நிலையத் திரைகளில் கேமரா கூடாது என்ற ஒரு வரி, காட்சி வரிசையைச் சொல்லும் அதே பக்கத்தில் இருந்துவிட்டால் நல்லது.

எனவே தங்கள் நாளிதழ் வழியாக உள்ளாட்சி அமைப்புகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்த ஒப்பந்தப்புள்ளியில், காட்சி வரிசை என்ற தலைப்பில் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும். எச்சரிக்கை, பேருந்து விவரம், பொது அறிவிப்பு, விளம்பரம் என்ற வரிசையும், ஒரு பேருந்துப் பக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அதிகபட்சம் எத்தனை விநாடி என்பதும், முடிவுத் தேதி இல்லாத எதையும் ஏற்றக் கூடாது என்பதும், தகவல் வராதபோது எந்த வரி தெரிய வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலை டைம் கீப்பர் அறைக்கு வெளியே ஒட்டி வைத்தால், மாறாக நடக்கும்போது யாரும் கேட்கலாம். அதை எழுதித் தருவதற்கு ஆலோசகர் யாரையும் பணம் கொடுத்து நியமிக்க வேண்டாம். எங்கள் ஊர் நிர்வாகம் கேட்டால் நானே காசு வாங்காமல் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
திரை பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர் ஒருவர்