ஸ்ப்ரவுல் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகக் காவல் துறையினருக்கும், இரவில் வழித்துணையாக வந்த மாணவ ஊழியர்களுக்கும், முகம் பார்த்திராத தொலைபேசிக் குரல்களுக்கும் என் பணிவான வணக்கம்.

இந்த மடலின் ஆங்கிலப் பிரதியைப் பட்டம் பெற்ற வாரத்திலேயே நேரில் வந்து கொடுத்துவிட்டேன். அதைத் தமிழில் மீண்டும் எழுதக் காரணம், இரண்டு ஆண்டுகளாக நான் எங்கே இருக்கிறேன், யார் துணை என்று தெரியாமல் தூக்கம் கெட்டவர்கள் கோபிசெட்டிபாளையத்தில் இருப்பதும், அவர்களைப் போலவே தூக்கம் கெடப்போகிற பெற்றோர் இந்த ஆண்டும் பலர் இருப்பார்கள் என்பதும்தான். உங்களுக்குச் சொல்லும் நன்றியை அவர்களும் கேட்கட்டும்.

எங்கள் பக்கத்தில் அமெரிக்கப் படிப்பு என்றதும் பெரியவர்கள் நினைவுகூர்வது ஒரு பெயரை. கோபிக்கு அருகே பிறந்து, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் பேராசிரியராக இருந்த ஜி.வி. லோகநாதன், 2007 ஏப்ரல் 16 அன்று வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அங்கே கொல்லப்பட்டவர்கள் 32 பேர். நானும் நீரியல் படிக்கத்தான் போகிறேன் என்றபோது என் அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் காலை விடுதியில் முதல் துப்பாக்கிச்சூடு நடந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகே மாணவர்களுக்கு முதல் எச்சரிக்கை மின்னஞ்சல் போனது என்பதையும், அதற்குப் பிறகுதான், 2008இல், உயிருக்கு ஆபத்து உறுதியான உடனேயே வளாகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்க்கப்பட்டது என்பதையும் நான் பெர்க்லிக்கு வந்த பிறகே அறிந்தேன். நள்ளிரவில் வளாகத்தின் ‘வார்ன்மீ’ எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்து கைபேசி அதிரும்போது உடன் தங்கியிருந்தவர்கள் எரிச்சல்பட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்ததில்லை.

அப்பாவின் கவலை வேறு வகையானது; அவருக்குக் கணக்கு வேண்டும். 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொலையுண்ட பிறகு, அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதன் பயனாக 1990இல் வந்த சட்டத்தின்படி, அமெரிக்கக் கூட்டரசின் நிதியுதவித் திட்டங்களில் பங்குபெறும் பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகத்தில் நடந்த குற்றங்களின் மூன்றாண்டுக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் தேதிக்குள் வெளியிட வேண்டும். காவல் துறை உள்ள வளாகங்களில் அன்றாடக் குற்றப் பதிவேட்டையும் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். அப்பா அந்த அறிக்கையை அச்செடுத்து, பஞ்சாங்கம் பார்ப்பது போல அடிக்கோடிட்டுப் படித்துவிட்டு, “திருட்டு அதிகமா இருக்குது, ஆனா மறைக்காம எழுதியிருக்காங்க, போயிட்டு வா” என்றார். அந்த மறைக்காமைக்கு முதல் நன்றி.

சொந்தக்காரர்கள் பலரும் வளாகக் காவல் துறை என்றால் வாசலில் பதிவேட்டோடு அமர்ந்திருக்கும் வாட்ச்மேன் என்றே எண்ணியிருந்தார்கள். நீங்கள் மாநிலச் சட்டப்படி பதவிப் பிரமாணம் எடுத்த முழு அதிகாரமுள்ள காவலர்கள் என்பதையும், வளாக எல்லையிலிருந்து ஒரு மைல் வரை உங்கள் அதிகாரம் செல்லும் என்பதையும் நான் விளக்கிச் சொன்னபோது, “காலேஜுக்குள்ள போலீஸ் ஸ்டேஷனா?” என்று அம்மிச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். காவல் நிலையப் படி ஏறாமல் வாழ்ந்துவிட்டதைப் பெருமையாகச் சொல்லும் குடும்பம் எங்களுடையது.

நானோ படி இறங்கினேன். உங்கள் அலுவலகம் இருப்பது ஸ்ப்ரவுல் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் அல்லவா. முதலாண்டு பிப்ரவரியில் ஒரு பிற்பகல், குடிவரவு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், என் விசா ஆவணத்தில் பிழை இருப்பதாகவும், கைது ஆணை தயாராக இருப்பதாகவும், இணைப்பைத் துண்டித்தாலோ வேறு யாரிடமாவது பேசினாலோ அது தனிக் குற்றம் என்றும் மிரட்டினார். என் முழுப் பெயரும் முகவரியும் படிப்பும் அவருக்குத் தெரிந்திருந்தன. திரையில் தெரிந்த எண்ணும் அரசு எண்ணைப் போலவே இருந்தது. இரண்டரை மணி நேரம் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், அவர் சொன்னபடியே ஒரு கடையில் 200 டாலருக்குப் பரிசு அட்டை வாங்கி, அதன் எண்ணைப் படித்தும் காட்டினேன். அடுத்த கடைக்குப் போகும் வழியில்தான் உங்கள் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. உண்மையைச் சொல்கிறேன், நான் புகார் கொடுக்க இறங்கவில்லை. இனி ஓட முடியாது, இங்கேயே சரணடைந்துவிடலாம் என்றுதான் இறங்கினேன்.

முகப்பில் இருந்த பெண் அலுவலர் என் முகத்தையும் காதோடு ஒட்டியிருந்த கைபேசியையும் ஒரு முறை பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், மஞ்சள் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். “வைத்துவிடுங்கள்” என்று ஒரே சொல் அதில் எழுதியிருந்தது. நான் தயங்கியபோது தாளைத் திரும்ப எடுத்து, அந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டு மறுபடியும் தள்ளினார். வைத்துவிட்டேன். அதன் பிறகு வந்த காவலர், எந்த அரசு அலுவலகமும் அபராதத்தைப் பரிசு அட்டையாக வாங்காது என்று பொறுமையாகச் சொல்லி, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை அழைத்து என் ஆவணங்கள் சரியாகவே இருப்பதை என் காதால் கேட்கச் செய்து, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை எதிரிலேயே மாற்றவைத்து, வழக்கு எண் எழுதிய அட்டையைக் கொடுத்தார். அந்த 200 டாலர் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று அவரும் அன்றே சொல்லிவிட்டார். பொய்யான ஆறுதல் சொல்லாததும் எனக்குப் பிடித்திருந்தது.

நான் மறக்காதது வேறொன்று. “இவ்வளவு படித்தவள் இப்படி ஏமாறலாமா?” என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பின்னர் வீட்டில் ஐந்து பேர் கேட்டார்கள்.

இரவுகளிலும் அப்படித்தான். பெண்கள் விடுதியின் கதவை எட்டரை மணிக்குப் பூட்டி, தாமதமாக வந்தால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவைப்பதே பாதுகாப்பு என்று நம்பும் ஒரு கல்லூரியில் இளநிலை முடித்து வந்தவள் நான். டேவிஸ் ஹாலில் கணினி மாதிரியை ஓட்டிவிட்டு நள்ளிரவு தாண்டி உங்கள் ‘பேர்வாக்’ வழித்துணையை முதன்முறை அழைத்தபோது, ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு விளக்கத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்டது எங்கே நிற்கிறீர்கள், எங்கே போக வேண்டும் என்ற இரண்டே கேள்விகள். சற்று நேரத்தில் சீருடையும் வாக்கி-டாக்கியுமாக வந்தவர் என்னைப் போலவே ஒரு மாணவர். மணிக்கணக்கில் ஊதியம் பெற்று உங்கள் துறையில் பணியாற்றுபவர். தூறலில் ட்வைட் வே வரை நடக்கும்போது நீரியல் என்றால் என்ன என்று கேட்டார். கொடிவேரி அணையையும், பவானி ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களையும் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்ததில் வழி போனதே தெரியவில்லை. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரை அவர் வாசலிலேயே நின்றார். அதற்குப் பின் எத்தனையோ முறை, எத்தனையோ பேர். எல்லோரும் கதவு சாத்தும் வரை நின்றார்கள்.

சிறிய உதவிகளும் உண்டு. நேரடி எண்ணைக் கைபேசியில் பதிந்துவைக்கச் சொன்னது, மிதிவண்டியின் கம்பிப் பூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வளைய இரும்புப் பூட்டு வாங்கச் சொன்னது, வளாகத்தில் நிற்கும் நீல விளக்குத் தூண்களின் பொத்தான் ஆபத்தில் உதவிக்கு அழைக்க என்று சொல்லித் தந்தது. அந்தப் பொத்தானை அழுத்தும் தேவை எனக்கு ஒரு முறையும் வரவில்லை.

உங்களை எல்லோரும் என் கண்ணால் பார்ப்பதில்லை என்பதையும் அறிவேன். 2011 நவம்பரில் அதே ஸ்ப்ரவுல் மண்டபத்தருகே கூடாரம் அமைத்துப் போராடிய மாணவர்கள் மீது தடியடி நடத்தப்பட்டதை என் ஆய்வுக்கூட நண்பர்கள் சிலர் இன்னும் பேசுகிறார்கள். வளாகத்துக்குள் துப்பாக்கி ஏந்திய காவலர் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது. என் நன்றியைக் காட்டி அதை அடக்க நான் விரும்பவில்லை. எனக்கு நேர்ந்ததை நான் சொல்கிறேன், அவ்வளவே.

ஊருக்குக் கிளம்பும் முன் ஆங்கில மடலோடு அம்மா அனுப்பியிருந்த தேங்காய்ப்பர்பியையும் எடுத்து வந்தேன். அன்பளிப்பு வாங்க விதி இடம் தருமா என்று முகப்பில் இருந்தவர் யோசித்துவிட்டு, யாருடைய பெயரும் எழுதாமல் பொதுமேசையில் வைக்கச் சொன்னார். மஞ்சள் தாள் எழுதியவர் அன்று விடுப்பில் இருந்தார். அவருக்கென்று இரண்டு துண்டை ஒரு தாளில் மடித்து ஒதுக்கி வைத்திருக்கிறேன், மறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

மிகுந்த நன்றியுடன்,
கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து படித்துத் திரும்பிய உங்கள் மாணவி