சீட்டுக்குப் பணம் கொடுங்கள், மன்னா

மாட்சிமை தங்கிய இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் அவர்களின் சமூகத்துக்கு,

பணிவான வணக்கம். தாங்கள் கண்மூடி 340 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு என்ன மனு என்று கேட்கலாம். உயிரோடிருக்கும் அதிகாரிகளுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. நேற்றிரவு தங்கள் கடற்படை அலுவலகத்து சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பில் 1666 ஜூலை 10ஆம் தேதியைப் படித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

சீட்டு விவகாரம் தங்களுக்குத் தெரியாததல்ல. மாலுமிக்கு ஊதியத்துக்குப் பதில் ஒரு துண்டுக் காகிதம். லண்டனுக்குக் கொண்டுபோனால் கஜானாவில் காசில்லை. வயிற்றுப்பாட்டுக்காக வந்த விலைக்குத் தரகரிடம் தள்ளிவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

அன்று அலுவலக முற்றத்தில் 300 பெண்களுக்கு மேல். அவர்களுடைய ஆண்கள் தங்கள் கடற்போரில் டச்சுக்காரர்களிடம் சிறைப்பட்டுக் கிடக்க, சேர வேண்டிய பணத்தைக் கேட்டு வந்திருந்தார்கள். கத்தினார்கள், சபித்தார்கள். பீப்ஸ் வீட்டில் வேறு கவலை. இரவுச் சாப்பாட்டுக்கு மான்கறி வைத்த பண்டம் ஒன்று இருந்தது, நம் பஃப்ஸுக்குப் பெரியப்பா மாதிரி. அதைச் சுட்டுவாங்க வெளியே கொடுத்தனுப்பினால் இந்தப் பெண்கள் பாய்ந்துவிடுவார்களோ என்று பயம். பண்டம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, தாங்கள் கவலைப்பட வேண்டாம். மற்றவர்கள் போன பிறகு ஓர் ஏழைப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, கையில் கொஞ்சம் காசு கொடுத்தார். அவள் அவரை வாழ்த்தினாளாம்.

என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வீட்டுக்கு வரவேண்டிய கூலியைக் கேட்க வந்தவள், தருமம் வாங்கிக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போகிறாள். சீட்டுக்குப் பணம் கொடுங்கள், மன்னா. வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஜூனில் டச்சுக் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்தபோது அவற்றிலிருந்து ஆங்கிலக் குரல்கள் கேட்டனவாம்: முன்பு சீட்டுக்குச் சண்டை போட்டோம், இப்போது காசுக்குப் போடுகிறோம் என்று. 1660இல் தங்களை நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த ‘ராயல் சார்லஸ்’ கப்பலையே இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் பின்புறச் சிற்பம் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த இரவில் தாங்கள் தங்கள் ஆசைநாயகி காசில்மெய்ன் சீமாட்டியோடு விருந்துண்டு, ஓர் அந்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்ததாக ஊரில் பேச்சு. வதந்தியாகவே இருக்கட்டும்.

ஆனால் அதே சீமாட்டி, பார்பரா வில்லியர்ஸ், என்றால் மட்டும் கஜானாவுக்கு எங்கிருந்தோ வழி பிறந்துவிடுகிறது. அவர் கணவருக்குக் கொடுத்த ஏர்ல் பட்டத்தைக்கூட, பார்பரா வயிற்றில் பிறக்கும் பிள்ளைகளுக்கே போகும்படி எழுதினீர்கள். என்ன முன்யோசனை! 1670இல் டச்சஸ் பட்டம். நான்சச் அரண்மனை. அஞ்சல் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 4,700 பவுண்டு, அதுவும் அவருடைய சித்தப்பாமார் பொறுப்பில். அரண்மனையைப் பிற்பாடு அவர் இடித்து, கல்லும் மரமுமாக விற்றார். அவருடைய தந்தை 1643இல் தங்கள் தந்தைக்காகப் போரிட்டு மாண்டவர், மறுக்கவில்லை. மாலுமிகளும்தான் மாண்டார்கள். அவர்கள் பெண்டாட்டிமாருக்கு எந்தத் தபாலாபீஸ் வருவாயை எழுதிவைத்தீர்கள்?

இதே வில்லியர்ஸ் குடும்பத்தவரும் தங்கள் தந்தையின் வலக்கையுமான பக்கிங்ஹாம் டியூக்கை 1628இல் போர்ட்ஸ்மத்தில் குத்திக் கொன்ற ஜான் ஃபெல்டனும் சம்பள பாக்கி வைக்கப்பட்ட ராணுவ அதிகாரிதான். மிரட்டவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். சீட்டோடு வரும் பெண்களுக்கு, தரகு கழிக்காமல், அதில் எழுதியிருக்கும் தொகையை அப்படியே கொடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வரிசையின் கடைசியில் நானும் நிற்கிறேன். ஐந்து மாதம்.

இப்படிக்கு,
சம்பளம் வராத ஒருவன்