புள்ளியோடு படம் போட வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் பிள்ளைகளின் படத்தைப் புள்ளியோடு உங்கள் பத்திரிகையில் போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். 16 வருஷமாகக் கொழும்பில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டி போய் வருவேன். யார் ஐந்தாம் தரம் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மற்றவர்கள் கத்திக்கொண்டு வர, மருதானை தாண்டுமுன் வாயைத் திறந்தபடி தூங்குவது அவர்கள்தான். முதல் நாள் இரவு பத்து மணிவரை மாதிரி வினாத்தாள் செய்திருப்பார்கள்.

ஒருநாள் டியூஷன் வாசலில் காத்திருந்தபோது, சீட்டில் கிடந்த நுண்ணறிவு வினாத்தாளை எடுத்து நானும் செய்து பார்த்தேன். 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். முக்கோணம் திரும்பித் திரும்பி வருகிற ஒரே கேள்வியில் எனக்கு ஐந்து நிமிஷம் போய்விட்டது, விடையும் பிழை. வகுப்பு முடிந்து வந்த ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், தெரியாததை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகோணும்" என்றது. பத்து வயது!

புலமைப்பரிசில் பரீட்சையே வேண்டாம் என்று எழுத வரவில்லை. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் இலவசக் கல்வியோடு வந்த ஏற்பாடு. ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்கட்டும் என்று செய்தது. தேயிலைத் தோட்டத்திலும் வன்னியிலும் இன்றைக்கும் அது தேவை. ஆனால் என் வேனில் வருகிற பிள்ளைகளில் அநேகம் பேர் உயர்தரம் வரை உள்ள பாடசாலையில்தான் ஏற்கெனவே படிக்கிறார்கள். வேறு பாடசாலை மாறப் போவதில்லை. அப்பாவின் வருமானத்தைப் பார்த்தால் உதவிப்பணமும் கிடையாது. அப்புறம் என்னதான் கிடைக்கிறது? டியூஷன் பதாகையில் ஒரு படம், கீழே பெரிதாக ஒரு எண்.

போன முறை பெறுபேறு வந்த பிறகு ஒரு காலை. முன் சீட்டுக்குத் தினமும் சண்டை பிடிக்கிற பையன், ஒன்றும் பேசாமல் கடைசி சீட்டில் போய் இருந்தான். தெரிவாவதற்கு ஆகக் குறைந்தது எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. "நான் ஃபெயில் அங்கிள்" என்றான். இந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே என்றால் ஃபெயில் இல்லை. அது மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறுகிற கணக்கு. கொழும்பில் கீழே நிற்கிற அதே புள்ளி இன்னொரு மாவட்டத்தில் மேலே நிற்கலாம். இதையெல்லாம் சொன்னேன். அவன் யன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, விரலால் அந்தப் புள்ளியை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு உங்கள் பத்திரிகை வழக்கம்போல டாஷ்போர்டில் கிடந்தது. நான்காம் தரத்துப் பிள்ளை ஒன்று எடுத்து விரித்து, படம் படமாகப் பெயரையும் புள்ளியையும் உரத்து வாசிக்கத் தொடங்கியது. பிள்ளையில் பிழையில்லை, வாசிப்பதற்குத்தானே போட்டிருக்கிறீர்கள். நான்காவது படத்தில் பின் சீட்டில் விம்மல் கேட்டது. வேனை ஓரங்கட்டி, பேப்பரை வாங்கி என் சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

பரீட்சையை மாற்றுவது அமைச்சின் வேலை. 2024இல் வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது; அந்த மாதங்களில் தாய்மார்களின் வாட்ஸ்அப் குரூப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது பெரிய இடத்து விஷயம், விடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளின் படத்தைப் புள்ளியோடு போடுவதை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு சித்திரமோ, பிள்ளைகள் எழுதிய கதையோ போடுங்கள். அடுத்த பெறுபேறு வருகிற வாரம் நான் பேப்பரை ஒளித்து வைக்காமல் வேன் ஓட்டப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கூல் வேன் சாரதி ஒருவர்,
கொழும்பு 13.